பூசி மறைத்த சுவர்



எசேக்கியேல் தீர்க்கதரிசியின் ஆகமத்தில் 13-ம் அதிகாரத்தை எடுத்துப் பார்ப்பீர்களானால், அங்கே சர்வேசுரன் ஒரு சுவரைப் பற்றிப் பேசுகிறதைக் காண்பீர்கள். உறுதியில்லாத ஒரு சுவரைச் சிலர் எழுப்புகிறார்கள். வேறு சிலர் அதன்மேல் வெள்ளை பூசி, பார்ப்பவர் கண்ணுக்கு நல்ல சுவர்போல் காட்டிவிட்டுப் போகிறார்கள். மழை வருகிறது; கல்மழை வருகிறது; பெருங்காற்று வருகிறது; சுவர் விழுகிறது. விழுந்த பிற்பாடு, பூசிய பூச்சு எங்கே போயிற்று என்று ஊரார் கேட்கிறார்கள். தீர்க்கதரிசி அவ்விடத்தில் கண்டித்தது பொய்த் தீர்க்கதரிசிகளைத்தான். ஆனாலும் கொத்துவேலை அறிந்த எவனுக்கும் அந்த உவமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் வாசஞ்செய்கிற நமக்கு அந்த மழையும் காற்றும் புதியவை அல்ல. ஐப்பசியும் கார்த்திகையும் பிறந்தால் நம்முடைய சுவர்களுக்கெல்லாம் பரீட்சைதான். 2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயலை நம்மில் யார் மறந்திருப்பார்கள்? அப்புயலுக்குப் பிறகு நம்மிடையே எத்தனையோ வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன. இன்றும் பழுதுபார்க்கப்பட்டு வருகின்றன. ஓட்டு வீட்டை மாற்றித் தளம் போடுகிறவர்கள் உண்டு. மகன் கலியாணத்துக்கு முன் மாடியில் ஓர் அறை எழுப்புகிறவர்கள் உண்டு. வயதான தாய் வழுக்கி விழாதபடி குளியலறையை இடித்துப் புதிதாய்க் கட்டுகிறவர்களும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் வேலை முடிந்து, மேஸ்திரி சாமான்களை எடுத்துக்கொண்டு போன மூன்றாம் மாதத்தில் சுவரில் ஓதம் அடிக்கிறது, டைல்ஸ் தூக்குகிறது, மாடி ஒழுகுகிறது. அப்போது தொடங்குகிற சண்டையைக் குறித்தே இன்று பேச விரும்புகிறோம்.

"இது கோயிலில் பேசுகிற விஷயமா, சுவாமி?" என்று சிலர் கேட்கலாம். ஆம், பேச வேண்டிய விஷயமே. ஏனென்றால் இந்தச் சண்டையில் இருப்பது சிமெண்டும் மணலும் மாத்திரம் அல்ல. ஒரு பக்கத்தில் ஒரு குடும்பம் சீட்டுக் கட்டியும், நகையை அடகு வைத்தும், வெளிநாட்டில் வெயிலில் உழைத்தும் சேர்த்த பணம் இருக்கிறது. மறுபக்கத்தில் கொத்தனாரும் சித்தாளும் வாங்க வேண்டிய கூலி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருவருடைய ஆத்துமமும் இருக்கிறது. இருவரும் ஒரே பூசைக்கு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஒரே நற்கருணையை வாங்கிப் போகிறார்கள் என்றால், அது கோயிலில் பேச வேண்டிய விஷயம் அன்றோ?

கெட்ட வேலை ஏழாம் கற்பனைக்கு விரோதம்

களவைத் தடுக்கிற ஏழாம் கற்பனையைச் சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். களவு என்றவுடன் இரவில் பூட்டை உடைக்கிறவனையே நினைக்கிறோம். ஆனால் 1992-ம் ஆண்டில் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2409-ம் பத்தியைப் பாருங்கள். பிறர் உடைமையை அநியாயமாய் எடுத்துக்கொள்ளும் வகைகளைச் சொல்லி வரும்போது, வரி ஏய்ப்பு, பொய்க் கணக்கு, கள்ளக் காசோலை ஆகியவற்றோடுகூட, மோசமாய்ச் செய்த வேலையையும் திருச்சபை சேர்த்திருக்கிறது. ஆறு மூட்டை சிமெண்டுக்குப் பணம் வாங்கி நாலு மூட்டை போடுகிறவன், இரண்டு மூட்டை சிமெண்டைத் திருடினவனே. மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இது திருச்சபை மாத்திரம் அறிந்த நீதியல்ல. நம் ஆண்டவர் பிறப்பதற்குச் சுமார் 1750 ஆண்டுகளுக்கு முன்னே பாபிலோன் தேசத்தை ஆண்ட ஹம்முராபி அரசனுடைய சட்டங்கள் ஒரு கருங்கல்லில் வெட்டப்பட்டு, இன்று பாரிஸ் நகரத்து லூவர் காட்சிச்சாலையில் இருக்கின்றன. அவற்றில் வீடு கட்டுகிறவனுக்கென்று தனியே சில சட்டங்கள் உண்டு. கட்டின வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டினவனுக்கு மரண தண்டனை. சுவர் சாய்ந்தால், அதைத் தன் சொந்தச் செலவில் திரும்பக் கட்டி உறுதிப்படுத்திக் கொடுக்க வேண்டும். முதல் சட்டம் கொடியது. இரண்டாவதோ, நாலாயிரம் ஆண்டுகளுக்கு அருகில் ஆகியும், இன்றைக்கும் மனச்சாட்சி ஒப்புக்கொள்ளுகிற நியாயமே.

மோயீசன் கொடுத்த கட்டளையிலும் வீடு கட்டுகிறவனுக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. உபாகமம் 22-ம் அதிகாரத்தில், புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டுமென்றும், வைக்காமல் எவனாவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வருமென்றும் சர்வேசுரன் எச்சரிக்கிறார். ஆகையால் கட்டட வேலை ஐந்தாம் கற்பனையையும் தொடுகிறது. 2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே கூலிக்கு வேலை செய்த ஏழைகள். பலமில்லாத கட்டடம் வீட்டுக்காரனை மாத்திரமல்ல, அதைக் கட்டுகிற கைகளையும் நசுக்கிப்போடும்.

எல்லா விரிசலும் ஏமாற்று அல்ல

இவ்வளவு சொன்னதைக் கேட்டு, வீடு ஒழுகுகிற ஒவ்வொருவரும் தம்முடைய மேஸ்திரியை மனதில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட வேண்டாம். நீதி என்பது நிதானித்துப் பார்க்கிறது. வேலை கெட்டுப்போவதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, வஞ்சகம். பேசின சாமானைப் போடாமல் மட்டமானதைப் போடுவது, கம்பியைக் குறைப்பது, குறையைத் தெரிந்தே பூசி மறைப்பது. இது கனமான காரியத்தில் நடந்தால் சாவான பாவம்.

இரண்டாவது, அசட்டை. தளம் போட்டால் தண்ணீர் தேக்கி நனைக்க வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காயாமல் காக்க வேண்டுமென்று 2000-ம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் 456 சொல்லுகிறது. மூன்றாம் நாளே வேறு வேலைக்கு ஓடிவிட்டால் தளம் பலம் பிடிக்குமா? குளியலறையில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒருநாள் இரண்டுநாள் தண்ணீர் கட்டி வைத்து, கீழே கசிகிறதா என்று பார்ப்பது நல்ல வேலைக்காரன் வழக்கம். அதைச் செய்யாதவன் வஞ்சகன் அல்லன், ஆனால் கடனாளி.

மூன்றாவது, அறியாமை. சிதம்பரத்துப் பழைய தெருக்களில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், காற்றில் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சை இழுத்து, பளபளப்பான பெயிண்டையும் அடித்தால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியின்றிப் பூச்சைப் பொரித்துத் தள்ளும். இதை அறியாமல் செய்த மேஸ்திரி கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆயினும் தனக்குத் தெரியாத வேலையைத் தெரியுமென்று சொல்லி ஒப்புக்கொண்டது அவருடைய பிழைதான்.

நான்காவது, ஒருவர் குற்றமும் இல்லாதது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள களிமண் பூமி மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதோடு சேர்ந்து பழைய அஸ்திவாரமும் அசையும். கடலூர்க் கரையோரத்தில் உப்புக் காற்று உள்ளே புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறின கம்பி பருத்துக் காரையைப் பிளக்கும். நன்றாய்ச் செய்த வேலையிலும் காலப்போக்கில் இவை நேரிடக்கூடும். ஆனால் கம்பிக்கு மேல் போதுமான காரை விடாமலும், உப்புத் தண்ணீரில் கலவை குழைத்தும் இருந்தால், அப்போது பழியைக் கடல்மேல் போடக்கூடாது.

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தமது பெரிய நூலில் ஈடுசெய்யும் கடமையைப் பற்றித் தனியாய் ஒரு கேள்வியை எடுத்து விசாரிக்கிறார். பிறனுக்கு வருவித்த நஷ்டத்தைத் திருப்பிக் கொடுப்பது இரட்சணியத்துக்கு அவசியமென்று தீர்க்கிறார். விற்கிறவன் பொருளிலுள்ள மறைவான குறையைச் சொல்லக் கடன்பட்டவன் என்றும் போதிக்கிறார். ஆகையால் வஞ்சகம் செய்த காண்டிராக்டர் பாவசங்கீர்த்தனம் செய்தால் மாத்திரம் போதாது. வேலையைத் திருத்திக் கொடுக்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். குருவானவர் கொடுக்கும் பாவவிமோசனம் ஒழுகுகிற மாடியை அடைக்காது. சக்கேயு தான் ஏமாற்றினதை நாலத்தனையாய்த் திருப்பினார். நம்மிடம் நாலத்தனை வேண்டாம், ஒரு மடங்கைக் கொடுத்தால் அநேக வீடுகளில் சமாதானம் வந்துவிடும்.

வீட்டுக்காரருக்கும் கடன் உண்டு

இப்போது வீட்டுக்காரர்கள் கேளுங்கள்.

நம் ஆண்டவர் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டதை அர்ச். லூக்காஸ் 14-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். நாமோ உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. மூன்று பேரிடம் விலை கேட்டு, எல்லாரிலும் குறைவாய்ச் சொன்னவரிடம் இன்னும் ஐம்பதாயிரம் குறைத்துப் பேசி, சாமர்த்தியம் செய்துவிட்டதாக மகிழ்கிறோம். அந்த ஐம்பதாயிரம் எங்கிருந்து வரும்? நம்முடைய சுவரிலிருந்துதான் வரும். கட்டுப்படியாகாத விலைக்கு ஒருவரை நெருக்கிப் பணியவைத்து, பிறகு வேலை தரமில்லையே என்று கூச்சலிடுவது முழு நியாயமாகாது.

பிறகு, நடுவழியில் மாற்றுகிற வழக்கம். "அப்படியே இங்கே ஒரு அலமாரியும் வெச்சிடுங்க மேஸ்திரி; அந்த ஜன்னலைக் கொஞ்சம் பெரிசாக்கிடுங்க" என்று வாயால் சொல்லுகிறோம். கணக்கு வரும்போது, "நான் அதற்குத் தனியே காசு பேசவில்லையே" என்கிறோம். இதுவும் ஏழாம் கற்பனைதான்.

எல்லாவற்றிலும் பெரியது கூலி. வேலை சரியில்லை என்று கோபித்துப் பணம் முழுவதையும் நிறுத்திவைக்கிறவர்கள் ஒரு காரியத்தை யோசிக்க வேண்டும். அந்தப் பணத்தில் காண்டிராக்டருடைய லாபம் மாத்திரம் அல்ல, ஜல்லி சுமந்த சித்தாளுடைய கூலியும் கலந்திருக்கிறது. தளத்தின் கலவையை அவள் தீர்மானிக்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்துக்குப் போக அவளுக்குச் சனிக்கிழமை சம்பளம் வேண்டும். கூலிக்காரனுடைய கூலியை விடியுமட்டும் வைத்திருக்கலாகாதென்று லேவியராகமம் கற்பிக்கிறது. நிறுத்திவைத்த கூலி ஆண்டவருடைய காதில் விழும்படி கூக்குரலிடுகிறதென்று அர்ச். இயாகப்பர் எழுதுகிறார். அநீதியாய் மாளிகை கட்டி, அயலானிடம் கூலியின்றி வேலை வாங்குகிறவனுக்கு ஐயோ கேடென்று எரேமியாஸ் தீர்க்கதரிசி 22-ம் அதிகாரத்தில் அழுதார். ஆகையால் கூலியாட்களுக்குப் பாக்கி இருப்பதாகத் தெரிந்தால், அந்தத் தொகையை முதலில் கொடுத்துவிட்டு, அவர்கள் கையில் சேர்ந்ததைக் காண்டிராக்டர் முன்னிலையில் எழுதி வைத்துக்கொண்டு, மீதிக்கு வழக்காடுங்கள்.

13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ம் ஆண்டு மே 15-ந் தேதி வெளியிட்ட ரேரும் நோவாரும் என்னும் நிருபத்தில் இரு பக்கத்தாருடைய கடமைகளையும் சேர்த்தே வைத்தார். நியாயமாய் ஒப்புக்கொண்ட வேலையை முழுவதும் உண்மையாய்ச் செய்துமுடிப்பது வேலைக்காரன் கடன். நியாயமான கூலியைக் கொடுப்பது எஜமான் கடன். இதில் ஒருவர் கடன் தவறினால் மற்றவர் கடன் மாய்ந்துபோகாது.

ஒரு கணக்குப் பார்ப்போம்

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். இது எவரையும் சுட்டினதல்ல. ஆறு லட்ச ரூபாய்க்கு மாடியறையும் குளியலறையும் கட்டுவதாகப் பேச்சு. ஐந்து லட்சம் கொடுத்தாயிற்று. ஒரு லட்சம் பாக்கி. நடுவில் கேட்டு வாங்கிய அலமாரிக்குப் பதினையாயிரம். குளியலறைத் தண்ணீர் கீழ் அறையில் இறங்குகிறது. தரையை உடைத்துத் திரும்பச் செய்ய அறுபதினாயிரம் ஆகுமென்று நடுநிலையான ஓர் இஞ்சினியர் சொல்லுகிறார். வீட்டுக்காரர், "பாக்கியும் கிடையாது, கொடுத்ததில் இரண்டு லட்சத்தைத் திருப்பிக் கொடு" என்கிறார். காண்டிராக்டர், "ஒரு லட்சத்துப் பதினையாயிரத்தை வைத்தால்தான் வாசலில் கால் வைப்பேன்" என்கிறார்.

நீதி எங்கே நிற்கிறது? காண்டிராக்டர் வந்து தம் செலவில் தரையைச் சரிசெய்து கொடுத்தால், அவருக்கு ஒரு லட்சத்துப் பதினையாயிரம் முழுவதும் சேர வேண்டும். அவர் மாட்டேனென்றாலோ, அவர்மேல் நம்பிக்கை போய்விட்டதாலோ, வேறொருவரை வைத்துச் செய்தால், அறுபதினாயிரத்தைக் கழித்து ஐம்பத்தையாயிரத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். இந்தக் கணக்குக்கு ஒரு வெள்ளைத் தாளும் கால் மணி நேரமும் போதும். ஆனால் இருவரும் உட்காருவதில்லை. ஆகையால் ஐம்பத்தையாயிரம் ரூபாய் விவகாரம் ஐந்து வருஷப் பகையாக வளர்ந்து, பிள்ளைகளும்கூடப் பேசாமல் போகிறார்கள்.

சேசுநாதர் காட்டிய மூன்று படிகள்

எப்படி உட்காருவது? சண்டை தீர்க்கும் வழியை நம் ஆண்டவரே அர்ச். மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் படிப்படியாய்க் காட்டியிருக்கிறார்.

முதற்படி, நீயும் அவனும் தனியே இருக்கையில் பேசுவது. நாமோ இதைத்தான் கடைசியில் செய்கிறோம். முதலில் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுகிறோம், பிறகு உறவினரிடம், டீக்கடையில், கைப்பேசிக் குழுவில் படத்தோடு. "அந்த ஆளிடம் வேலை கொடுக்காதீர்கள், திருடன்" என்று ஊரெல்லாம் பரப்புகிறோம். அவர் திருடன் என்பது தீராதிருக்கும்போதே அவருடைய பிழைப்பைக் கெடுத்தாயிற்று. ஓதம் அடித்த சுவரைத் திரும்பப் பூசலாம். கெடுத்த பேரைத் திரும்பப் பூசுவது எளிதல்ல. எட்டாம் கற்பனைக்கும் பரிகாரம் உண்டென்பதை மறவாதேயுங்கள். நேரே போய், "மேஸ்திரி, குளியலறைத் தண்ணி கீழே இறங்குது. நாளைக்கு ஒருதரம் வந்து பார்த்துட்டுப் போங்க" என்று அழையுங்கள். காண்டிராக்டர்களே, அப்படி அழைத்தால் போங்கள். கைப்பேசியை எடுக்காமல் ஒளிவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். "பார்த்தேன் ஐயா, நம்ம வேலைதான் கெட்டுப்போச்சு, செஞ்சு தர்றேன்" என்கிற ஒரு வார்த்தை அநேக வழக்குகளை வாசலிலேயே முடித்துவிடும்.

இரண்டாம் படி, ஒருவர் இருவரைச் சாட்சியாய்க் கூட்டிப்போவது. இங்கே சாட்சி என்பவர் நம் பக்கம் சத்தம்போட வருகிற மைத்துனர் அல்லர். வேலை தெரிந்த ஓர் இஞ்சினியர் அல்லது இருவருக்கும் பொதுவான மூத்த மேஸ்திரி ஒருவர். வார்த்தையில் நிதானமுள்ள ஒரு பெரியவர். முதலில் ஒழுகலைப் பார்க்கட்டும், பிறகு பேசட்டும். என்ன குறை, எந்தத் தேதிக்குள் யார் செலவில் சரிசெய்வது, அதன்பின் எவ்வளவு கொடுப்பது என்ற மூன்றையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். உடைப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். எழுதிவைப்பது அவநம்பிக்கை அல்ல, மறதிக்கு மருந்து.

மூன்றாம் படி, சபையிடம் சொல்லுவது. சபையார் பேசியும் இணங்காவிட்டால்? அப்போது அரசாங்கத்தின் நீதியைத் தேடுவது பாவமா? அர்ச். சின்னப்பர் கொரிந்தியரை, சகோதரனுக்கு விரோதமாய்ச் சகோதரன் வழக்குக்குப் போகிறானே என்று கடிந்துகொண்டது உண்மை. அங்கே அவர் கண்டித்தது உள்ளே தீர்க்கக்கூடியதைத் தீர்க்காமல் ஓடும் பேராசையையும் பகையையும். அவரே அநியாயமாய் நெருக்கப்பட்டபோது இராயரிடத்தில் அபயமிட்டார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 25-ம் அதிகாரம் சொல்லுகிறது. ஆகையால் மற்ற வழிகள் அடைபட்ட பின், பகையின்றி, உண்மைக்கு மேல் ஒரு வார்த்தை கூட்டாமல் நியாயஸ்தலத்துக்குப் போகிறவன் பாவம் செய்கிறதில்லை.

அந்த வழியையும் அறிந்திருப்பது நல்லது. வீடு கட்டும் வேலை 1993-ம் ஆண்டுத் திருத்தத்தினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் லக்னோ வளர்ச்சிக் கழகத்தின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் வீட்டு நிர்மாணம் ஒரு சேவையே என்றும், அதில் குறை வைத்தவர் நஷ்டஈட்டுக்கு உள்ளாவார் என்றும் தீர்த்தது. இன்று நடப்பிலிருப்பது 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் ஆண்டுச் சட்டம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம், சிதம்பரத்தாருக்கும் அதுவே. ஐந்து லட்சம் வரையில் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் தாமே பேசலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று காலத்தைக் கடத்தினால் உரிமை போய்விடும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்து யோசனை கேட்கலாம். ஒப்பந்தத் தாள், பணம் கொடுத்த ரசீது, படங்கள், இஞ்சினியருடைய அறிக்கை ஆகிய இவை இல்லாமல் போனால் எந்த ஆணையமும் உங்களுக்கு உதவ முடியாது.

பாக்கி வரவேண்டிய காண்டிராக்டருக்கு அந்த ஆணையம் இல்லை. அவருக்குச் சிவில் கோர்ட்டு உண்டு. ஆனால் இருவருக்கும் பொதுவான ஒரு வாசல் இருக்கிறது. 1987-ம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் மக்கள் நீதிமன்றம் அது. அங்கே செலவு இல்லை. இருவரும் மனமொத்து முடித்தால் அதுவே கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீலும் இல்லை. நுகர்வோர் ஆணையமும் இருவரும் சம்மதித்தால் வழக்கைச் சமரசத்துக்கு அனுப்பும். பார்த்தீர்களா! உலகச் சட்டமும் கடைசியில் இருவரையும் ஒரே மேசையில் உட்கார்த்தவே பார்க்கிறது. எதிராளியோடு வழியிலேயே இணங்கிக்கொள் என்று நம் ஆண்டவர் சொன்னது இதுவே அல்லவா?

உழைக்கும் கைகளுக்கு ஒரு வார்த்தை

கட்டட வேலை செய்யும் சகோதரரே, உங்கள் தொழில் சின்னத் தொழில் அல்ல. 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1955-ம் ஆண்டில் மே முதல் தேதியைத் தொழிலாளராகிய அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அர்ச். தோமையார் பாதுகாவலர், படங்களில் அவர் கையில் மூலைமட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவரைப் பற்றிய ஒரு பழைய கதை உண்டு. திருச்சபை அதை வேதாகமமாக ஏற்றுக்கொள்வதில்லை. குந்தபோரஸ் என்னும் அரசன் அரண்மனை கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்தையெல்லாம் அவர் ஏழைகளுக்குத் தர்மம் செய்துவிட்டு, உமக்கு மோட்சத்தில் அரண்மனை கட்டியாயிற்று என்றாராம். வீட்டுக்காரர் கேட்கும்போது அந்தப் பதிலைச் சொல்ல நம்மில் எவருக்கும் அனுமதி இல்லை. தோமையாருடைய மூலைமட்டத்தையே பின்பற்றுங்கள்.

தூக்குக்குண்டு பொய் சொல்லாது. ரசமட்டம் முகத்தாட்சணியம் பார்க்காது. யாரும் பாராத அஸ்திவாரத்துக்குள்ளும், பூச்சுக்குப் பின்னாலும் நீங்கள் வைக்கிற கல்லைச் சர்வேசுரன் பார்க்கிறார். வேலையைப் பூசி மறைப்பதற்கு முன் வீட்டுக்காரரை அழைத்து, "ஐயா, இந்த இடத்தில் குறை இருக்கிறது, இதைச் சரிசெய்ய இவ்வளவு ஆகும்" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டாகலாம். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு வைத்துப்போகிற ஆஸ்தி அந்த நற்பெயரே.

இந்த வாரத் தீர்மானம்

பிரியமானவர்களே, பீடத்தில் காணிக்கை வைக்க வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனோடு சமாதானமாகப் போ என்று நம் ஆண்டவர் கட்டளையிட்டார். யார்மேல் குற்றம் என்று கேட்டு முடித்த பிறகு போ என்று அவர் சொல்லவில்லை.

ஆகையால் வேலை கெட்டு மனம் நொந்திருக்கும் வீட்டுக்காரர், இந்த வாரத்துக்குள் ஒருநாள் காண்டிராக்டரைத் தனியே அழைத்துப் பேசட்டும். அழைப்பு வந்தும் போகாதிருக்கும் காண்டிராக்டர், வருகிற சனிக்கிழமைக்குள் அந்த வீட்டு வாசலை மிதிக்கட்டும். கூலி பாக்கி வைத்திருக்கிறவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன் அதைக் கொடுத்துத் தீர்க்கட்டும். புதிதாய் வேலை தொடங்குகிறவர்கள், முதல் கல்லை வைப்பதற்கு முன்னே சாமான், விலை, நாள், குறை வந்தால் யார் பொறுப்பு என்ற நான்கையும் எழுதிக் கையெழுத்திடட்டும்.

கன்மலையின்மேல் கட்டின வீட்டை மழையும் வெள்ளமும் காற்றும் அசைக்கவில்லை என்று ஆண்டவர் சொன்னார். நம்முடைய ஊர்களில் மழையும் வெள்ளமும் காற்றும் தவறாமல் வரும். நாம் கட்டுகிற வீடும், அதைக் கட்டினவரோடு நமக்குள்ள உறவும் அந்த நாளில் நிலைநிற்கும்படி நீதியின்மேல் கட்டுவோமாக. ஆமென்.